ஆவணம் அழியாதிருக்க: பி.டி.எப். கோப்பும் இணையத் தொடுப்பும்



ஒரு தாளின் அருமை அது கைவசம் இல்லாத நாளில்தான் தெரியும். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் பள்ளிச் சான்றிதழும் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும்வரை வெறும் காகிதங்களாகவே தோன்றும். அலுவலகத்து மேசையின் முன் நாம் நிற்கும் வேளையில் அவையே நமக்காகப் பேசும் வாய். அவையே நமது சாட்சி. நம் நாட்டில் 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிப் பத்திரம் பெற வேண்டியதாயிற்று. பல்லாண்டுகள் பால்மரம் சீவியவர்களுள் ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குக் கப்பலேற நேர்ந்தது. அவர்கள் உழைத்த உழைப்பு மரத்தில் தெரிந்தது. ஆனால் கேட்கப்பட்டதோ தாள். தோட்டத்து முதியோர் இதனை இன்றும் நினைவுகூர்வர்.

தாளின் இடத்தை இக்காலத்தில் கணினிக் கோப்பு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. பள்ளிச் சுற்றறிக்கை, தேர்வுத்தாள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட அறிக்கை, ஆண்டு மலர் ஆகிய யாவும் கணினியில்தான் உருவாகின்றன. தாள் கறையானுக்கு அஞ்சும். கோப்பு எதற்கு அஞ்சும்? அதனை எவ்வாறு காப்பது? எவ்வாறு பிறர் கைக்கு எட்டச் செய்வது? அலுவலக ஆவணத்தைப் பி.டி.எப். கோப்பாக மாற்றும் முறையையும், அக்கோப்பை இணையப் பக்கத்தில் தொடுக்கும் முறையையும் அறிந்தவர் இவ்வினாக்களுக்கு விடை அறிந்தவராவார். அவ்விரு முறைகளையும் இக்கட்டுரை படிப்படியாக விளக்க முற்படுகிறது.

ஒரே படியின் ஆபத்து

நம் மலாக்கா மண்ணிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. முன்ஷி அப்துல்லா 1796-இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். மலாய் உரைநடையில் புதுநெறி கண்டவர் எனப் போற்றப்படுபவர். அவர் இளமையில் தமிழும் பயின்றார் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. அக்கால மலாக்காவில் வணிகக் கணக்குக்குத் தமிழ் பயன்பட்டமையால், வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாயிருந்தது எனத் தம் வாழ்க்கை வரலாறாகிய 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் அவரே எழுதியுள்ளார்.

ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் 1810, 1811-ஆம் ஆண்டுகளில் மலாக்காவில் தங்கியிருந்தபோது, சிறுவராகிய அப்துல்லா அவரிடம் எழுத்தராகப் பணிபுரிந்தார். ராபிள்ஸ் மலாய்க் கையெழுத்துச் சுவடிகளை ஆர்வத்துடன் திரட்டி வந்தார். அவ்வாறு திரட்டியவற்றுள் பலவற்றை 1824-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், சுமத்ராவின் பெங்கூலனில் 'ஃபேம்' என்னும் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். அன்றிரவே கப்பலில் தீப்பற்றியது. மக்கள் அனைவரும் உயிர் தப்பினர், சுவடிகளோ எரிந்தொழிந்தன. அச்சேறாத கையெழுத்து நூல்கள் மறைந்தனவே, அவற்றுக்கு வேறு படி இல்லையே என அப்துல்லா தம் நூலில் மனம் வருந்தியுள்ளார்.

மற்றொரு நெருப்பு நம் தலைமுறைக்கு நெருங்கியது. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி இலங்கையின் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் வேறெங்கும் கிடைக்காத பழைய நூல்களும் இருந்தன.

இவ்விரு நெருப்புகளும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. ஓரிடத்தில் ஒரே படியாக உள்ள ஆவணம் என்றேனும் அழியக்கூடியது. பல இடங்களில் பல படிகளாக உள்ள ஆவணத்தை அழிப்பது கடினம். இவ்வுண்மையை உணர்ந்த தமிழர் இணையத்தின் வழியே படி பெருக்கும் பணியை மேற்கொண்டனர். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் 'மதுரைத் திட்டம்' என்னும் தன்னார்வப் பணியைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டுக் கொடுக்க, அவை இணையப் பக்கங்களாகவும் பி.டி.எப். கோப்புகளாகவும் இலவசமாக வெளியிடப்படுகின்றன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கும் 'நூலகம்' என்னும் திட்டம் 2005-இல் தொடங்கப்பெற்றது. தாளை வருடிப் படமெடுத்துப் பி.டி.எப். ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இணையத் தொடுப்பைத் தருவதே அதன் முறை. பெரிய நூலகத்துக்குப் பொருந்தும் இம்முறை நம் சிறிய தோட்டப் பள்ளிக்கும் பொருந்தும்.

கணினிக் கோப்பு ஏன் உருமாறுகிறது?

மைக்ரோசாப்ட் வேர்டு போன்ற செயலியில் தட்டச்சிட்ட ஆவணத்தை வேறொரு கணினியில் திறந்தால் அது சில வேளைகளில் உருமாறிக் காட்சியளிக்கும். பத்துப் பக்கம் பதினொரு பக்கமாகும், அட்டவணை சிதறும், படம் இடம்பெயரும். காரணம் யாது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மங்கில் வடியும் ரப்பர்ப் பால் நீர்மம். அதனை மங்கில் ஊற்றினால் மங்கின் வடிவும், வாளியில் ஊற்றினால் வாளியின் வடிவும் கொள்ளும். வேர்டு கோப்பும் அத்தகையதே. அது தன்னுள் எழுத்துகளையும், 'இவ்வெழுத்துருவில் இவ்வளவு பெரிதாகக் காட்டுக' என்னும் கட்டளைகளையும் மட்டுமே கொண்டிருக்கும். எழுத்துரு என்பது எழுத்துகளின் வடிவங்கள் அடங்கிய தொகுதி. கட்டளையில் உள்ள எழுத்துரு அக்கணினியில் இல்லையேல், கணினி வேறொன்றை எடுத்து இட்டு நிரப்பும். எழுத்தின் அகலம் மாறும். அதனால் வரி மாறும். வரி மாறினால் பக்கமும் மாறும்.

அதே பாலைத் தொட்டியில் ஊற்றித் திராவகம் இட்டு உறையச் செய்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கொட்டகையில் உலர்த்திவிட்டால் அதன் வடிவம் நிலைபெறும். அதனை எங்குக் கொண்டு சென்றாலும் தகடு தகடே. பி.டி.எப். கோப்பு இத்தகைய உலர்ந்த தகட்டுக்கு நிகரானது. பக்கத்தின் அளவு, ஒவ்வோர் எழுத்தும் நிற்கும் இடம், படம், எழுத்துரு ஆகிய யாவற்றையும் தன்னுள்ளேயே பொதிந்து வைத்துக்கொள்ளும். எனவே சென்னையிலும் சிங்கப்பூரிலும் தெங்கேராவிலும் அது ஒரே தோற்றத்துடன் விளங்கும்.

உவமையை இன்னும் ஒரு படி நீட்டலாம். தகட்டை மீண்டும் பாலாக்க இயலாது. அதுபோலப் பி.டி.எப். கோப்பில் திருத்தம் செய்வதும் எளிதன்று. ஆதலின் மூலக் கோப்பை ஒருபோதும் அழித்துவிடலாகாது. திருத்த வேண்டின் மூலத்தில் திருத்தி, மீண்டும் பி.டி.எப். ஆக்குவதே முறை.

பி.டி.எப். என்பதற்கு 'எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஆவண வடிவம்' என்பது பொருள். அமெரிக்காவின் அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவராகிய ஜான் வார்னாக் இக்கருத்தை முன்வைத்தார்; 1993-இல் அது பொதுப் பயனுக்கு வந்தது. 2008-இல் அனைத்துலகத் தரநிர்ணய அமைப்பு இதனைப் பொதுத் தரமாக ஏற்றது. ஆகவே இது இன்று தனியொரு நிறுவனத்தின் உடைமையாக நில்லாமல் எவரும் பயன்படுத்தத்தக்க பொதுத் தரமாக விளங்குகிறது. நெடுங்காலம் காக்க வேண்டிய ஆவணங்களுக்கென 'பி.டி.எப்./ஏ' என்னும் தனித்தரம் 2005-இல் வகுக்கப்பெற்றது. எழுத்துருவைக் கட்டாயம் உள்ளே பொதிய வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்த இடர்

ஆங்கிலத்துக்குச் சிறு தொல்லையாக இருந்த எழுத்துருச் சிக்கல் தமிழுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. கணினி எழுத்தை எண்ணாகவே நினைவில் வைக்கும். ஒவ்வோர் எண்ணும் ஓர் இருக்கை எனக் கொள்க. தொடக்கக் காலத்தில் தமிழுக்கெனப் பொது இருக்கைகள் இல்லை. ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். ஓர் எழுத்துருவில் ககரம் அமர்ந்த இருக்கையில் மற்றோர் எழுத்துருவில் மகரம் அமர்ந்திருக்கும். ஆகவே நண்பர் அனுப்பிய தமிழ்க் கடிதத்தைத் திறந்தால், பொருளற்ற குறிகளே கண்ணில் பட்டன.

இவ்விடரைத் தீர்க்க உழைத்தவர்களுள் நம் மலேசியர் முத்து நெடுமாறன் குறிப்பிடத்தக்கவர். 'முரசு அஞ்சல்' என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கியவர் அவரே; ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவும் அவர் ஆக்கியதே. பலநாட்டுத் தமிழறிஞர்கள் கலந்துபேசி 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். தமிழ்நாட்டரசு 1999-இல் 'தாம்', 'தாப்' என்னும் குறியீடுகளை அறிவித்தது. உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய 'உத்தமம்' 2000-இல் தோன்றியது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில் நடைபெற்றது.

இறுதியில் நிலைபெற்றது 'யூனிகோடு' எனப்படும் ஒருங்குறி. உலக மொழிகள் யாவற்றுக்கும் தனித்தனி இருக்கை அளிக்கும் இம்முறையின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அகரத்தின் எண் 2949. ஆகாரத்தின் எண் 2950. ககரத்தின் எண் 2965. எழுத்துரு எதுவாயினும் இவ்வெண்கள் மாறா. தமிழ்நாட்டரசும் 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆவணத்தைப் பி.டி.எப். ஆக்கினால், எழுத்துரு உள்ளே பொதிந்திருப்பதால் கண்ணுக்குத் தமிழ் சரியாகத் தெரியும். ஆனால் உள்ளிருக்கும் எண்கள் பழைய இருக்கைகளே. அக்கோப்பில் 'பள்ளி' எனத் தேடினால் கிடைக்காது. ஒரு பத்தியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குப்பையாகும். பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதனை வாசிக்க இயலாது. வடிவம் பிழைத்தது, எழுத்து பிழைக்கவில்லை. வடிவத்தைக் காப்பது பி.டி.எப்.; எழுத்தைக் காப்பது ஒருங்குறி. இரண்டும் சேர்ந்தால்தான் தமிழ் ஆவணம் முழுமை பெறும்.

கோப்பை மாற்றும் முறை

1. ஆவணத்தைத் தொடக்கத்திலிருந்தே ஒருங்குறித் தமிழில் தட்டச்சிடுக. பழைய எழுத்துருவில் இருப்பின், முதலில் குறியீடு மாற்றும் மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றிப் பிழை திருத்துக.

2. தலைப்புகளை வெறுமனே பெரிதாக்கித் தடித்த எழுத்தாக மாற்றுவதோடு நில்லாது, செயலியில் உள்ள தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்துக. அவ்வாறு செய்தால், பி.டி.எப். கோப்பின் பக்கவாட்டில் உள்ளடக்கப் பட்டியலை அமைத்துக்கொள்ள இயலும். நீண்ட ஆண்டு மலரைப் புரட்டுவோர்க்கு இது பேருதவியாகும்.

3. தாள் அளவு 'ஏ4' என்பதை உறுதி செய்க. படங்களின் அளவைச் சுருக்குக.

4. வேர்டு செயலியில் 'ஃபைல்' என்பதன் கீழுள்ள 'சேவ் அஸ்' என்பதை அழுத்துக. மலாய் மொழியில் அமைந்த கணினியாயின் 'சிம்பான் செபாகாய்' என்றிருக்கும். கோப்பு வகைப் பட்டியலில் பி.டி.எப். என்பதைத் தேர்க. அங்குள்ள விருப்பத் தேர்வுகளில் தலைப்புகளைக் கொண்டு பக்கக்குறி அமைக்கும் கட்டத்தையும், பி.டி.எப்./ஏ தரத்துக்குரிய கட்டத்தையும் குறியிடுக. 'லிபர்ஆபிஸ்' என்னும் இலவசச் செயலியில் 'எக்ஸ்போர்ட் அஸ் பி.டி.எப்.' எனவும், 'கூகள் டாக்ஸ்' செயலியில் 'டவுன்லோடு' என்பதன் கீழும் இவ்வசதி உண்டு.

5. அச்சிடும் கட்டளையின் வழியாகப் பி.டி.எப். ஆக்குவதும் இயலும். ஆயினும் அவ்வழியில் ஆவணத்துள் அமைந்த தொடுப்புகளும் தலைப்பு அமைப்பும் பெரும்பாலும் மறைந்துவிடும். வேறு வழி இல்லாதபோது மட்டும் அதனை நாடுக.

6. முடிந்தபின் சோதித்தல் வேண்டும். கோப்பைக் கைப்பேசியிலும் திறந்து பார்க்க. ஒரு சொல்லைத் தேடுக. 'பள்ளி' போன்ற எளிய சொல்லோடு நில்லாது, 'கொடி', 'தோட்டம்' போன்ற சொற்களையும் தேடுக. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்பதால், சில கோப்புகளில் அவை முன்பின்னாக மாறிப் பதிவாவதுண்டு. அவ்வாறாயின் வேறு எழுத்துருவையோ வேறு செயலியையோ கொண்டு மீண்டும் மாற்றுக.

பழந்தாள்களை என் செய்வது?

ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் பொறியில் சுற்றிய தேர்வுத்தாள்களையும், அச்சுக்கோத்த பழைய மலர்களையும் பெற்றோர் பலர் அறிவர். அவற்றுக்குக் கணினிக் கோப்பு இல்லை. அவற்றை வருடியில் இட்டோ கைப்பேசியின் வருடும் செயலியாலோ படமெடுத்துப் பி.டி.எப். ஆக்கலாம். வருடியில் எடுப்பின் அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவு போதுமானது. தாளை நேராக வைத்து, நிழல் விழாமல், பக்க வரிசை பிறழாமல் எடுத்தல் வேண்டும்.

அவ்வாறு பெற்ற கோப்பு எழுத்தின் நிழற்படமே. அதில் சொல்லைத் தேட இயலாது. நிழற்படத்தில் உள்ள எழுத்தை இனங்கண்டு ஒருங்குறி எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் உண்டு. 'டெசராக்ட்' என்னும் கட்டற்ற மென்பொருள் அவற்றுள் ஒன்று. மங்கிய தாளில் அவை பிழை செய்யும். ணகர னகரத்தையும் ளகர ழகரத்தையும் மயங்கக் கொள்ளும். ஆகவே மனிதக் கண்ணால் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. இப்பணிக்கு ஆறாம் ஆண்டு மாணவரும் தகுதியுடையவரே. பழைய மலரை ஒப்புநோக்கும் மாணவர் தமிழும் கற்பார். தம் பாட்டன் பாட்டியர் காலத்துத் தோட்டத்தையும் அறிவார்.

மின்படி எடுத்தபின் மூலத்தாளை எறிந்துவிடலாகாது. இரண்டும் இருப்பதே பாதுகாப்பு.

இணையப் பக்கத்தில் தொடுக்கும் முறை

இணையப் பக்கம் என்பது ஜெனீவாவை அடுத்த 'செர்ன்' ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் முன்மொழிந்த கருத்திலிருந்து பிறந்தது. ஆய்வாளர் பலரின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பதே அவர் நோக்கம். எனவே தொடுப்பே இணையத்தின் உயிர்நாடி.

கோப்புக்கு முதலில் நல்ல பெயர் வேண்டும். பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தாலும் எண்ணாலும் அமைத்து, சொற்களுக்கிடையே வெற்றிடம் விடாமல் சிறுகோடு இடுக. தமிழ்ப் பெயரும் செல்லும். ஆயினும் இணைய முகவரியில் அது விரிந்துவிடும். 'அ' என்னும் ஓரெழுத்தே முகவரியில் ஒன்பது குறிகளாகும். அத்தகைய நீண்ட முகவரி புலனச் செய்தியில் அனுப்பும்போது உடைபடக்கூடும். கோப்பின் பெயரில் ஆண்டு இடம்பெறுதல் நலம். 'புதியது', 'இறுதி', 'இறுதியிலும் இறுதி' எனப் பெயரிட்டால் மறு ஆண்டில் எது எதுவென்று தெரியாது.

அடுத்து, கோப்பைப் பள்ளியின் இணையத்தளத்திலோ கூகள் டிரைவ் போன்ற சேமிப்பகத்திலோ ஏற்றுக. ஏற்றியதும் அதற்கொரு முகவரி கிடைக்கும். இணையப் பக்கத்தில் தொடுப்பாக வேண்டிய சொற்களைத் தேர்ந்தெடுத்து, சங்கிலிக் கண்ணி போன்ற குறியை அழுத்தி, அம்முகவரியை ஒட்டுக. தொடுப்பு அமைந்துவிடும்.

இதில் பலரும் கவனியாத நான்கு செய்திகள் உள.

முதலாவது, தொடுப்பின் சொற்கள். 'இங்கே அழுத்துக' என்று மட்டும் எழுதினால் எதனை அழுத்துகிறோம் என்பது விளங்காது. 'பள்ளி ஆண்டு மலர் 2024, பி.டி.எப்., 4 மெகாபைட்' என்றெழுதினால், ஆவணம் யாது, எவ்வகை, எவ்வளவு பெரிது என மூன்றும் விளங்கும். கைப்பேசித் தரவுக்குப் பணம் கட்டும் பெற்றோர்க்கு அந்த அளவுக் குறிப்பு ஒரு மரியாதை.

இரண்டாவது, பார்க்கும் உரிமை. கூகள் டிரைவில் ஏற்றிய கோப்பு தொடக்கத்தில் ஏற்றியவர்க்கு மட்டுமே தெரியும். தொடுப்பை உடைய எவரும் பார்க்கலாம், ஆனால் திருத்தலாகாது என்னும் வகையில் உரிமையை மாற்றுக. ஏற்றியவர் தம் கணினியிலேயே சோதித்தால் பிழை தெரியாது. கணக்கில் நுழையாத வேறொருவர் கைப்பேசியில் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, முகவரியின் நிலைபேறு. ஒருவர் வீடு மாறினால் கடிதம் திரும்பி வருவதுபோல, கோப்பு இடம் மாறினால் பழைய தொடுப்பு வழிதவறும். நல்ல இணைய முகவரி மாறுதல் கூடாது எனப் பெர்னர்ஸ் லீ 1998-லேயே வலியுறுத்தினார். திருத்திய படியை ஏற்றுங்கால் பழைய முகவரியிலேயே ஏற்றுக. ஆண்டுக்கொரு முறை எல்லாத் தொடுப்புகளையும் அழுத்திச் சோதிப்பதை நூலகப் பொறுப்பு மாணவர்க்கு ஒரு கடமையாக்கலாம்.

நான்காவது, எதற்குப் பி.டி.எப். தேவை என்னும் தெளிவு. காக்க வேண்டியதும் அச்சிட வேண்டியதும் பி.டி.எப். ஆகலாம். ஆண்டு மலர், விண்ணப்பப் படிவம், தேர்வுத்தாள், கணக்கறிக்கை ஆகியன அத்தகையன. 'சனிக்கிழமை காலை கூட்டம்' என்னும் இருவரிச் செய்தியைப் பி.டி.எப். ஆக்கித் தொடுப்பது பொருந்தாது. கைப்பேசியின் சிறு திரையில் ஏ4 பக்கத்தை இழுத்து இழுத்துப் படிப்பது முதியோர்க்குத் துன்பம். அத்தகைய செய்தியை இணையப் பக்கத்திலேயே எழுத்தாக இடுக.

மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் நுட்பம் ஒன்றும் உண்டு. பள்ளித் தளத்தில் நேரடியாக ஏற்றிய பி.டி.எப். முகவரியின் இறுதியில் # குறியும், பக்கம் எனப் பொருள்படும் 'பேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லும், சமக்குறியும், எண் 12-உம் சேர்த்தால், கணினியின் உலாவி அக்கோப்பின் 12-ஆம் பக்கத்தையே திறந்து காட்டும். ஒரு மாணவரின் கட்டுரை அப்பக்கத்தில் இருப்பின், வெளியூரில் வேலை செய்யும் தமக்கையார் நேரே அதனைப் படித்து மகிழலாம்.

எவற்றை ஏற்றலாகாது?

ஆவணத்தைப் பரப்புவது நன்று. எல்லா ஆவணத்தையும் பரப்புவது தீது. நம் அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கம் உடையது. முதல் ஆறு இலக்கம் பிறந்த நாளைக் காட்டும், அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைக் காட்டும், மலாக்காவுக்குரியது 04. ஆகவே அவ்வெண்ணைக் கண்டவர் ஒருவரைப் பற்றிப் பாதி அறிந்தவராவார். மாணவர் பட்டியல், பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கு, உதவித்தொகை பெறுவோர் பெயர், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றைப் பொது இணையப் பக்கத்தில் தொடுத்தல் கூடாது. அவற்றைப் பி.டி.எப். ஆக்கிப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது வேறு. ஊரறியத் தொடுப்பது வேறு.

ஒரு பெயரை மறைக்க விரும்பி அதன்மேல் கறுப்புக் கட்டம் வரைந்துவிட்டால் மறைந்துவிட்டதாகக் கருதலாகாது. கட்டத்தின் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். படியெடுத்து ஒட்டினால் வெளிப்பட்டுவிடும். 2019-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட புகழ்பெற்ற வழக்கொன்றின் ஆவணத்திலேயே இவ்வாறு நேர்ந்து, மறைக்க நினைத்தவை யாவும் செய்தித்தாள்களில் வெளியாயின. மறைக்க வேண்டிய சொற்களை மூலக் கோப்பிலேயே நீக்கிவிட்டுப் பின்னர்ப் பி.டி.எப். ஆக்குவதே பாதுகாப்பான வழி.

நாம் செய்யத்தக்கது

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இருந்த இடம் தெரியாமற் போயினும், அங்கு வாழ்ந்தோர் பெயர் தெரியாமற் போதல் கூடாது. அப்பெயர்கள் எங்குள்ளன? பழைய பள்ளி மலரின் மாணவர் படத்தின் அடியில் உள்ளன. கோயில் திருவிழா அழைப்பிதழில் உள்ளன. கிராணியார் எழுதிய செக்ரோல் ஏடுகளில் உள்ளன. சங்கக் கூட்டக் குறிப்பில் உள்ளன. பெரிய வரலாற்று நூல்கள் நம் லயத்துப் பெயர்களை எழுதிவைக்கும் எனக் காத்திருத்தல் பயன் தாராது. நாமே காத்தல் வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டில் பழைய மலர்களோ அழைப்பிதழ்களோ படங்களோ இருப்பின், அவற்றைக் குப்பையில் சேர்க்குமுன் ஒருமுறை பள்ளிக்குக் காட்டுங்கள். மின்படி எடுத்தபின் மூலத்தை உங்களிடமே ஒப்படைத்தல் பள்ளியின் கடமை. உங்கள் குடும்பப் பத்திரங்களையும் பி.டி.எப். ஆக்கி, ஒன்றைக் கைப்பேசியிலும், ஒன்றை எழுதுகோல் போன்ற சிறு சேமிப்பானிலும், ஒன்றை நம்பிக்கைக்குரிய உறவினரிடத்திலுமாக மூன்றிடத்தில் வையுங்கள்.

மாணவமணிகளே! கைப்பேசி உங்கள் கையில் விளையாட்டுப் பொருளாக மட்டும் இருத்தல் வேண்டா. பாட்டியின் பழைய படத்தையும் தாத்தாவின் வேலைச் சான்றையும் காக்கும் கருவியாகவும் அஃது அமையட்டும். அப்துல்லாவின் காலத்தில் ஒரு சுவடியைப் படியெடுக்க நாட்கணக்கில் எழுத வேண்டியிருந்தது. உங்களுக்கோ சில நொடிகள் போதும். அந்த எளிமையை நற்பணிக்குப் பயன்படுத்துவீர்களாக!

பயிற்சி வினாக்கள்

1. வேர்டு கோப்பு பிற கணினியில் உருமாறுவது ஏன்? ரப்பர்ப் பால், ரப்பர்த் தகடு ஆகியவற்றின் உவமை கொண்டு விளக்குக.

2. ஒருங்குறியில் அகரத்தின் எண் யாது? பழைய எழுத்துருவில் அமைந்த பி.டி.எப். கோப்பில் சொல்லைத் தேட இயலாமை ஏன்?

3. 'ஃபேம்' கப்பல், யாழ்ப்பாண நூலகம் ஆகிய இரண்டும் உணர்த்தும் பொதுவான பாடம் யாது?

4. 'இங்கே அழுத்துக' என்னும் தொடுப்பைப் பொருள் விளங்கத் திருத்தி எழுதுக.

5. செயல்: உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய தாள் எது? பெற்றோர் அனுமதியுடன் அதனைப் பி.டி.எப். ஆக்கி, அஃது எந்த ஆண்டினது, யாருடையது, அதனை ஏன் காக்க வேண்டும் என ஐந்து வரி எழுதுக.